தேர்தல் சுவரொட்டிகளை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள்

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கு,



தேர்தல் முடிந்ததும் சுவரொட்டிகளைக் கிழித்துவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். நம் கட்சிகள் எதைச் சொல்லி மக்களின் மனத்தைத் தொட்டன என்பதற்கான சான்றும் அத்தோடு போய்விடுகிறது. அதைக் காக்கும் வழி உங்கள் அலுவலகத்திடமே இருப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அடுத்த மாதம் தேர்தல். கழுத்தைச் சுற்றிய வெள்ளைக் கட்டுடன் அவர் இருக்கும் படம் சுவரொட்டியாகி ஊர் ஊராகப் போனது. மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அவரது கட்சியான தி.மு.க. 137 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார்.

அந்தக் கட்டுப்போட்ட படத்தைப் பார்த்துத்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அன்றைய வாக்காளரை இதைவிடக் குறைத்து மதிப்பிட முடியாது. அரிசித் தட்டுப்பாட்டில் வதங்கியவர்கள் அவர்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் துப்பாக்கிச் சூடுகளை அவர்கள் மறக்கவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வின் வாக்குறுதியும் அதே தேர்தலில்தான் ஒலித்தது. பரங்கிமலையில் பரிதாபம் பேசியிருக்கலாம், விருதுநகரில் பசி பேசியிருக்கலாம். எந்த ஊர்ச் சுவரில் எது ஒட்டப்பட்டது என்று தெரிந்தால்தானே தீர்ப்புச் சொல்ல முடியும்?

அந்தச் சுவரொட்டிகள் அரசிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டியவை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு 1961 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அச்சகத்தார் ஒரு பிரதியை வெளியீட்டாளரின் உறுதிமொழியோடு அனுப்பிவைக்க வேண்டும். தலைநகரில் அச்சானால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, வேறு ஊரில் அச்சானால் அந்த மாவட்ட ஆட்சியருக்கு. சிவகாசியில் அச்சானது என்றால் அன்றைய இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். எத்தனை பிரதிகள், எவ்வளவு அச்சுக்கூலி என்ற விவரத்தையும் பின்னாளில் தேர்தல் ஆணையம் கேட்கத் தொடங்கியது. ஒரு தேர்தலின் உணர்ச்சியையும் செலவையும் சேர்த்துப் படிக்க இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

1984இல் உணர்ச்சி காகிதத்தைத் தாண்டியது. புரூக்ளின் மருத்துவமனையில் முதல்வர் எம்.ஜி.ஆர். சிகிச்சை பெறும் காட்சிகளை ஊர் ஊராக வீடியோவில் காட்டினார்கள். இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காங்கிரஸுக்காக ரீடிஃப்யூஷன் நிறுவனம் தயாரித்த நாளிதழ் விளம்பரங்கள், நாட்டின் எல்லை வீட்டு வாசல்வரை சுருங்கிவிடுமோ என்ற பயத்தைக் கிளப்பின. இரக்கமும் பயமும் துக்கமும் ஒன்றாகக் கலந்த அந்தத் தேர்தலைப் பற்றி நமக்குக் கதைகள் நிறையத் தெரியும். ஆவணங்களை ஒரே இடத்தில் பார்க்கத்தான் வழியில்லை.

அமெரிக்காவில் 1964 செப்டம்பர் 7 அன்று, பூவிதழ்களை எண்ணும் ஒரு சிறுமியையும் அணுகுண்டு வெடிப்பையும் அடுத்தடுத்துக் காட்டிய விளம்பரம், அதிபர் ஜான்சனுக்காக ஒரே ஒருமுறை கட்டணம் செலுத்தி ஒளிபரப்பப்பட்டது. எதிர்வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயர்கூட அதில் வரவில்லை. பயத்தை எப்படி மூட்டினார்கள் என்று இன்று ஒரு பள்ளி மாணவி காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்க்க முடியும். நியூயார்க்கில் உள்ள அசையும் பட அருங்காட்சியகம், 1952 முதலான அதிபர் தேர்தல் விளம்பரங்களைத் திரட்டி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு ஏன் இல்லை?

உணர்ச்சியைத் தொட்டு வாக்குக் கேட்பதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. பசித்தவரிடம் பசியைப் பற்றிப் பேசாமல் அரசியல் ஏது? ஆனால் நெஞ்சை உருக்கும் ஒரு படம் எதைச் சொல்லாமல் விட்டது என்பதை, பல படங்களை அருகருகே வைத்து நிதானமாகப் பார்க்கும்போதுதான் மக்கள் கண்டுகொள்வார்கள். மறைந்த கருணாநிதியின் உருவமும் ஜெயலலிதாவின் குரலும் 2024இல் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் பேசின. அந்த ஆண்டு மே மாதம், போலிக் காணொளிகளைத் தெரியவந்த 3 மணி நேரத்துக்குள் நீக்கும்படி கட்சிகளுக்கு ஆணையம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் பிரதி எடுத்து வைக்காமல் நீக்கினால், ஏமாற்றியதற்கான தடயமும் அழிந்துபோகும்.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, 127அ பிரிவின்படி வந்துசேரும் பிரதிகளை, தேர்தல் வழக்குகளுக்கான காலம் முடிந்ததும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்துங்கள். இரண்டு, ஊடகச் சான்றளிப்புக் குழுக்களிடம் வரும் தொலைக்காட்சி, சமூக ஊடக விளம்பரங்களில் அனுமதி பெற்றவற்றையும் மறுக்கப்பட்டவற்றையும் காரணத்தோடு சேமித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். மூன்று, பழைய தேர்தல்களின் பிரதிகள் ஆட்சியர் அலுவலகப் பதிவறைகளில் எஞ்சியிருக்கின்றனவா என்று தேடச் சொல்லுங்கள்.

இவற்றில் முதலாவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே அதை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு