நின்று நின்று ஓடும் பழைய கார்: புதுச் சாமான் போட்டால் தீருமா?

கார் நன்றாக ஓடிக்கொண்டு இருக்கிறது. திடீர் என்று நின்று விடுகிறது. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். "கிர்... கிர்..." என்று சத்தம் வருகிறது. என்ஜின் பிடிக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் திருப்புகிறார். உடனே பிடித்துக் கொள்கிறது. ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது!

பழைய கார் வைத்து இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-ம் ஆண்டில் நின்று விட்டது. பிரிமியர் பத்மினி அதற்கு முன்பே நின்று விட்டது. ஆனாலும் இந்தக் கார்கள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. தாத்தா வாங்கிய கார் என்று பேரன் துடைத்துத் துடைத்து வைத்து இருக்கிறான். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்களும் உண்டு.

அடியோடு கெட்டுப்போன காரால் ஆபத்து இல்லை. அது வாசலில் கிடக்கும். ஓடுவது போல ஓடி, நடு வழியில் நிற்கும் காரைத்தான் நம்பக் கூடாது. லாரிகள் பறக்கும் சாலை. மழை இருட்டு. பின் சீட்டில் குழந்தைகள். அந்த இடத்தில் கார் நின்றால் என்ன ஆகும்?

மாற்றிப் பார்க்கும் வைத்தியம்

இப்படிப்பட்ட காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனால் ஒரு வேடிக்கை நடக்கும். அங்கே அது நிற்கவே நிற்காது! பல் வலிக்காரர் டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் வலி போய் விடுவது போலத்தான்.

"காயில் போயிருக்கும். மாற்றிப் பார்ப்போம்" என்கிறார் மெக்கானிக். மாற்றுகிறார்கள். நான்கு நாள் ஓடுகிறது. ஐந்தாம் நாள் நிற்கிறது. "பெட்ரோல் பம்பாக இருக்கும்" என்கிறார். அதுவும் மாறுகிறது. பிறகு கார்புரேட்டர். பணம் தண்ணீராய்ப் போகிறது. கார் மட்டும் பழையபடி நிற்கிறது.

இது வைத்தியம் அல்ல. சீட்டுக் குலுக்கல்!

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமா? கார்க்காரர் புதுச் சாமானுக்கு முணுமுணுக்காமல் பணம் கொடுப்பார். ஆனால், மெக்கானிக் இரண்டு மணி நேரம் யோசித்து, அறுந்த ஒயர் ஒன்றைக் கண்டுபிடித்து ஒட்டிக் கொடுத்தால், "இதற்கா இவ்வளவு கூலி?" என்று கேட்பார். மூளைக்குக் கூலி இல்லை, சாமானுக்குத்தான் காசு என்றால், எந்த மெக்கானிக்கும் சாமானைத்தான் மாற்றுவார்.

தீயா? பெட்ரோலா?

என்ஜின் ஓட மூன்று வேண்டும். காற்று, பெட்ரோல், தீப்பொறி. காற்று பெரும்பாலும் தகராறு செய்யாது. ஆகவே, சந்தேகம் மற்ற இரண்டின் மேல்தான்.

இரண்டில் எது என்பதற்குக் காரே சாட்சி சொல்லும். விளக்கை அணைத்தது போலச் சட்டென்று நின்றதா? அப்படியானால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. நிற்பதற்கு முன் திணறியதா? குலுங்கியதா? மேட்டில் ஏற மறுத்ததா? அப்படியானால் பெட்ரோல் சரியாக வரவில்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால், காரை ஓட்டியவருக்குத்தான் பதில் தெரியும். மெக்கானிக்குக் கனவா வரும்?

"சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது" என்று பலர் சொல்வார்கள். அது மட்டும் போதாது. ஏன் என்றால், இரண்டு கோளாறிலும் அப்படி நடக்கும்.

காயில் என்பது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும் டப்பா. உள்ளே மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி இருக்கும். பழைய காயில் சூடானால் உள்ளே கம்பி விட்டுப் போகலாம். அல்லது மின்சாரம் குறுக்கே பாயலாம். தீப்பொறி வராது. ஆறியதும் மறுபடி சேர்ந்து கொள்ளும்.

பெட்ரோலின் கதை வேறு. பெட்ரோலில் உள்ள லேசான பகுதி 40 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே ஆவியாகி விடும். வெயில் காலத்தில், நெரிசலில் ஊர்ந்து போகும்போது, என்ஜின் பக்கத்தில் உள்ள குழாயும் பம்பும் கொதிக்கின்றன. உள்ளே பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிற்கிறது. பம்பினால் ஆவியைத் தள்ள முடியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பழைய டிரைவர்களிடம் ஒரு வழி உண்டு. பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத் துணி போடுவார்கள். சீக்கிரம் என்ஜின் பிடித்துக் கொண்டால், குற்றவாளி பெட்ரோல் ஆவி. (ஈரம் காயில் பக்கம் போகக் கூடாது.) தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும் சோதனை வேறு. அதை மெக்கானிக் செய்யட்டும். அந்த மின்சாரம் தூக்கி அடிக்கும். பெட்ரோல் ஆவி இருந்தால் தீயும் பிடிக்கும்.

மூடியில் ஒரு துளை

சில கோளாறுகள் அற்பமானவை. ஆனால், ஆளை அலைக்கழித்து விடும்.

பழைய கார்கள் பலவற்றில் பெட்ரோல் டாங்கி மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய, அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். தூசி அடைத்தால் காற்று போகாது. கொஞ்ச தூரம் ஓடியதும் பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. கார் நிற்கும். சற்று நேரத்தில் எப்படியோ கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும். கார் ஓடும்! கார் நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால், திருடன் அகப்பட்டான். ஒரு ஊசியால் குத்தித் தீர்க்க வேண்டிய வியாதிக்குக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

டாங்கிக்குள் துரு உதிர்ந்து கிடந்தாலும் இதே கூத்துதான். ஓடும்போது துரு, குழாய் வாயில் வந்து அடைக்கும். என்ஜின் நின்றதும் கீழே விழுந்து விடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு சின்ன ஒயர் இருக்கிறது. வருடக் கணக்கில் அசைந்து அசைந்து, உள்ளே கம்பி அறுந்து இருக்கும். மேலே உறை நன்றாக இருக்கும். பார்த்தால் தெரியாது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். "பிளாட்டினம்" என்று மெக்கானிக்குகள் சொல்லும் பாயிண்ட் தேய்ந்தாலும், பக்கத்தில் உள்ள கண்டென்சர் கெட்டாலும் தீப்பொறி கெடும்.

இப்போது புதிதாக ஒன்றும் சேர்ந்து இருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலுடன் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை 2025-ல் எட்டப்பட்டது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், வெடிக்கும், உட்புறம் உரிந்து வரும். குழாயை மட்டும் சந்தேகம் வருவதற்கு முன்பே மாற்றி விடலாம். அது தீ பிடிக்காமல் இருப்பதற்காக.

ஒரு அணா நோட்டு போதும்

காரில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். ஒரு அணா நோட்டு என்று அந்தக் காலத்தில் சொல்வார்களே, அது போன்றது போதும். கார் நின்றால், பக்கத்தில் உட்கார்ந்து இருப்பவர் எழுதட்டும். புறப்பட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று? வெயிலா, மழையா? மேடா, சமதரையா? சட்டென்று நின்றதா, திணறி நின்றதா? டாங்கியில் எவ்வளவு பெட்ரோல்? எத்தனை நிமிடம் கழித்து ஓடியது? பள்ளிக்கூடத்துப் பையன்கூட எழுதி விடுவான். அப்பாவை விடச் சரியாகவே எழுதுவான்.

நான்கு தடவை எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும். மழையில் மட்டும் நின்றால், ஈரம் புகும் ஒயரைப் பார்க்க வேண்டும். டாங்கி காலியாக இருக்கும்போது மட்டும் நின்றால், டாங்கியைக் கழுவ வேண்டும். நோட்டை வாங்கிப் படித்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காரை விடலாம். படிக்காமலே "காயில்தான்" என்று சொல்பவரிடம் விட வேண்டாம். கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கு, சாமான் ஒன்றும் மாற்றாவிட்டாலும், முழுக் கூலி கொடுப்பதுதான் முறை. நாலு புதுச் சாமான்களின் விலையை விட அது குறைவாகவே இருக்கும்.

கோளாறு தெரியும் வரை அந்தக் காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போக வேண்டாம். ரெயில்வே கேட்டுக்குள் நின்று விட்டால், முதலில் எல்லோரும் இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலக வேண்டும். கேட் காவலருக்குச் சொல்ல வேண்டும். ரெயில் வராது என்று உறுதியாகத் தெரிந்தால், டிரைவர் முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரே பழைய காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி விடும். ரெயில் சத்தம் கேட்டால் அந்த முயற்சியும் வேண்டாம். காரை அப்படியே விட்டு விட்டு இறங்கி ஓடி விட வேண்டும்.