வேடம் பல, அளவுகோல் ஒன்று

ஒரே மனிதர் ஒரே நாளில் எத்தனை பேராக வாழ வேண்டியிருக்கிறது! வைகறையில் பள்ளிவாசலில் தொழுகையாளி. வீடு திரும்பியதும் தந்தை. எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனியில் மேலாளர். நண்பகலில் வங்கி அதிகாரி முன் கடன் கேட்டு நிற்பவர். மாலையில் ஜமாஅத் கூட்டத்தில் பிறர் வழக்கைத் தீர்த்து வைக்கும் பெரியவர். இரவில் முதுமையுற்ற அன்னைக்கு மகன். இடத்திற்கு இடம் அவர்தம் குரல் மாறுகிறது, சொல் மாறுகிறது, சில வேளைகளில் மொழியே மாறிவிடுகிறது. வடமாநிலத் தொழிலாளியிடம் இந்தியும் வெளிநாட்டு வணிகரிடம் ஆங்கிலமும் பேசுகிறவர் அன்னையிடம் பேசும்போது சிறு பிள்ளையாகிவிடுகிறார். இத்தனை பேருள் மெய்யானவர் யார்?

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் நம்மிடையே வழங்குகின்றன. எங்கும் எப்பொழுதும் ஒரே முகத்தோடு இருப்பவனே உண்மையானவன் என்பது ஒன்று. ‘தொழில் வேறு, தருமம் வேறு, அந்தந்த இடத்திற்கு அந்தந்த முகம்’ என்பது மற்றொன்று. முன்னது இயலாதது, பின்னது ஆகாதது. ஒரு நிலையில் நின்று அறிந்த உண்மையை மற்றொரு நிலைக்குச் சென்றபின் மறவாதிருத்தலே மெய்ம்மை என்பது என் துணிபு. அதனை இலக்கியத்தாலும் நாம் வாழும் திருப்பூரின் வரலாற்றாலும் விளக்க முயல்வேன்.

வேடம் பொய்யன்று

தமிழ் அகப்பாடல்களில் புலவர் தம் பெயரால் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனப் பிறர் நெஞ்சினுள் புகுந்தே பேசுகிறார். குறிஞ்சித் திணையைப் பாடிய கபிலர் தோழியாகவும் தலைவியாகவும் எத்தனையோ முறை உருமாறியவர். அவரைப் பொய்யர் என்று எவரும் கூறியதில்லை. அக்கபிலரே பாரி மாண்டபின், ஆதரவற்று நின்ற அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அவர்தம் மணத்தின்பொருட்டுக் குறுநில மன்னர் அவைகளுக்கு நடந்தார். பாட்டில் பிறர் துன்பத்தை உணரக் கற்ற நெஞ்சம் வாழ்விலும் அதனை மறக்கவில்லை.

இதற்கு மாறாக, வேடத்தையும் ஆளையும் பிரித்தறியாமையால் வந்த கேட்டினைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கானல்வரியில் கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடுகின்றனர். பாட்டிற்குள் பேசும் மாந்தரின் உள்ளத்தைப் பாடியவரின் உள்ளமெனக் கொண்டமையால் ஊடல் விளைந்தது, ஊடல் பிரிவாயிற்று, அப்பிரிவு மதுரை வரை சென்று முடிந்தது.

வள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ என்றோர் அதிகாரமே வகுத்தார். அங்கு அவர் கடிவது வேடம் பூணுதலை அன்று. வேடத்தின் மறைவில் அதற்கு மாறான செயலைச் செய்தலையே ஆகும். ஆகவே, பல நிலைகளில் பலவாறு ஒழுகுவது குற்றமாகாது. ஒரு நிலையை மற்றொரு நிலைக்குத் திரையாக்குவதே குற்றமாகும்.

ஒரு சான்றோர்

இங்ஙனம் திரையின்றி வாழ்ந்தவருக்கு அண்மைக் காலச் சான்று நீதியரசர் மு.மு. இஸ்மாயீல். 1921ஆம் ஆண்டு நாகூரில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர் 1979இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக விளங்கி, கம்பன் காவியத்தில் ஆழ்ந்த புலமை பெற்றவர் எனத் தமிழகம் முழுவதும் போற்றப்பட்டார். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டோர் பட்ட துன்பங்களை விசாரித்த ஆணையம் இன்றும் இஸ்மாயீல் ஆணையம் என்றே வழங்கப்படுகிறது.

நீதிமன்றம், இலக்கிய மேடை, சமய வாழ்வு என மூன்று நிலைகள். ஒன்று மற்றொன்றிற்கு இடையூறாகவில்லை. வாலி வதையைப் பற்றி அவர் ஆராய்ந்தபோது இரு தரப்பு வாதங்களையும் கேட்கும் நீதிபதியின் பயிற்சி அவருக்குக் கைகொடுத்தது. கம்பனில் தோய்ந்தமையால் அவருடைய சமயம் குறைவுபடவில்லை. சமயத்தில் நின்றமையால் கம்பன் அவருக்கு அயலானாகவும் இல்லை. 1981இல் கேரள உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டபோது அதனை ஏற்காமல் பதவியைத் துறந்தார். பதவி எனும் வேடம் கழன்றது. ஆள் அப்படியே இருந்தார். 2005இல் மறையும் வரை தமிழுலகம் அவரை நீதியரசர் என்றே அழைத்தது.

தொழிலாளி முதலாளியாகும்போது

‘அவர் பெரியவர், நாம் எளியவர்’ என்று மாணவர் கருதக்கூடும். எனவே நம் ஊருக்கே வருவோம். திருப்பூரின் முதல் பின்னலாடை நிறுவனம் 1925இல் குலாம் காதர் என்பவர் தொடங்கிய பேபி நிட்டிங் என்று இவ்வூர்த் தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். அன்று தொட்டு வளர்ந்த இத்தொழிலின் தனிச்சிறப்பு யாதெனில், மேசையில் அமர்ந்து தைத்தவர்கள் பலர் பின்னாளில் முதலாளிகளானமையே. ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். சிற்றூர்களிலிருந்து வந்து தொழிலாளியாகச் சேர்ந்து உரிமையாளராக உயர்ந்தோர், தம் உயர்விற்குக் காரணமாகத் தம் ‘உழைப்பையே’ சுட்டுவதை அவர் பதிவு செய்கிறார்.

இந்த உழைப்பின் நினைவு இருபுறமும் கூரான கத்தி போன்றது. ‘இரவு ஒன்றரை ஷிப்ட் முடித்து எழுந்தால் முதுகு எப்படி வலிக்கும் என்பதை நான் அறிவேன்’ என்று கூறும் முதலாளி உண்டு. அவருடைய கம்பெனியில் சாய்ந்து அமர நாற்காலியும் காற்று வரச் சன்னலும் இருக்கும். ‘நாங்கள் பட்ட பாட்டில் பாதிகூட இவர்கள் படவில்லை’ என்று கூறும் முதலாளியும் உண்டு. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தவர்களே. முன்னவர் அந்த வலியைத் தம்மோடு கொண்டு வந்தார். பின்னவர் வலியை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் கொண்டு வந்தார். 1984இல் பஞ்சப்படி கேட்டு இவ்வூரில் நான்கு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் நீடித்தது. ஒரு காலத்தில் தொழிலாளியாக இருந்த முதலாளிகளும் அன்று எதிர்த்தரப்பில் நின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நொய்யல் கூறும் பாடம்

இதே மறதிக்கு நம் ஆறும் சான்று பகரும். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யல். சாயப்பட்டறை நடத்தியோருள் பலர் வேளாண் குடியிற் பிறந்தவர்கள். உப்பேறிய நீர் பயிரை என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் பட்டறைக்குள் நுழைந்ததும் உழவனாக அறிந்தது மறந்து போயிற்று. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன. கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்த பின்னரே பட்டறைகள் படிப்படியாக இயங்கத் தொடங்கின. உழவனின் அறிவைப் பட்டறைக்காரர் உடன் வைத்திருந்தால், நீதிமன்றம் நினைவூட்ட வேண்டிய தேவை நேர்ந்திராது.

ஆய்வு நாள் முகம்

இன்று நம் இளைஞர்களுக்கு வரும் சோதனை சற்று நுட்பமானது. வெளிநாட்டு வணிகர் சார்பில் கம்பெனியை ஆய்வு செய்ய அதிகாரிகள் வருகின்றனர். அந்நாளில் அவசர வழிகள் திறந்திருக்கும். குடிநீர்க் குழாய் துலக்கப்பட்டிருக்கும். கூடுதல் நேர வேலை பற்றிக் கேட்டால் என்ன விடை கூற வேண்டும் என்பது தொழிலாளருக்கு முன்னரே சொல்லித் தரப்பட்டிருக்கும். சில இடங்களில் வருகைப் பதிவேடும் இரண்டாகிவிடுகிறது. இவ்வாறும் நடப்பதுண்டு என்பதை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர்.

முதலாளியை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. ஆய்வாளரை அனுப்பும் அதே வெளிநாட்டு நிறுவனம் அடுத்த வாரமே ஆடையின் விலையைக் குறைக்கச் சொல்லி அழுத்துகிறது. அதன் ஒரு கை அறநெறியை எழுதுகிறது. மறு கை அதற்கான பணத்தைப் பிடித்தம் செய்கிறது. அந்த நிறுவனத்திற்கும் இரண்டு முகங்கள் உண்டு.

எனினும் இம்மறதியின் விலை உயிராகவும் இருக்கலாம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து வீழ்ந்தது; ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். சுவரில் விரிசல் முந்தைய நாளே காணப்பட்டது. அங்கிருந்த வங்கிக் கிளை தன் ஊழியரை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே வரச் செய்யப்பட்டனர். அதே விரிசலைத் தம் வீட்டில் கண்டிருந்தால் அந்த மேலாளர்கள் தம் மக்களை உள்ளே உறங்க விட்டிருப்பார்களா? தந்தையாக அறிந்ததை மேலாளராக மறந்தமையே அக்கொடுமையின் வேர்.

வெள்ளியும் சனியும்

சமுதாயப் பெரியோர் முன் பணிவுடன் ஒன்று கூற விழைகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முதலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையில் நிற்கின்றனர். அங்கு யார் முந்தி வந்தாரோ அவருக்கே முதல் வரிசை. மறுநாள் சனிக்கிழமை, நம் ஊரில் வாரக் கூலி கணக்குப் பார்க்கும் நாள். வெள்ளியன்று அருகில் நின்ற தோளின் சூடு சனியன்று கணக்கு மேசையில் நினைவிருக்கிறதா? கூலியைக் காலந்தாழ்த்தாது கொடுத்தல் பற்றிய நபிமொழியை நம்முள் அறியாதார் இலர். அதனை மேடையில் எடுத்துரைப்பதினும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தனித்து நிற்கும் தொழிலாளிக்கு முழுக் கணக்கும் பார்த்துக் கொடுப்பதே அதற்குச் சிறந்த விளக்கவுரையாகும்.

ஆசிரியராகிய நமக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அறத்துப்பாலை வகுப்பில் விளக்கிவிட்டு, மதிப்பெண் பட்டியலில் முகம் பார்த்தல் தகாது. வறுமையில் பயின்று இந்த இருக்கைக்கு வந்தவர் நம்முள் பலர். கட்டணம் கட்ட இயலாது வாயிலில் நிற்கும் மாணவனைக் காணும்போது அந்தப் பழைய மாணவன் நம்முள் விழித்துக்கொள்ள வேண்டும்.

மாணவ மணிகளே! உங்களுள் சிலர் மாலையில் பவர்டேபிளிலும் செக்கிங்கிலும் கைமடித்தலிலும் உழைத்துவிட்டு, காலையில் கண் சிவந்து வகுப்பிற்கு வருகிறீர்கள். கல்லூரியில் கம்பெனி வேலையையும், கம்பெனியில் கல்லூரிப் படிப்பையும் மறைப்போர் உண்டு. மறைக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை. நாளை உங்களுள் ஒருவர் மேற்பார்வையாளராகலாம், ஒருவர் ஏற்றுமதியாளராகலாம், ஒருவர் அதே ஆய்வு அதிகாரியாகவும் வரலாம். அன்று உங்கள் கையில் ஒரு பதிவேடு தரப்படும். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதச் சொல்லும் குரலும் உடன் வரும். இன்று நள்ளிரவில் தையல் மேசையில் நீங்கள் அறிந்துகொண்டிருக்கும் உண்மையை அன்று மறவாதீர்கள்.

உடை மாறட்டும், மொழி மாறட்டும், பதவி மாறட்டும். அளந்து பார்க்கும் கோல் மட்டும் மாறாதிருக்கட்டும். அதற்கான மனவலிமையை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!