ஒருமுறைத் தகடும் பன்முறைத் தகடும்

அரிய ஒலிகளையும் ஏடுகளையும் குறுந்தகட்டிற் பதிந்து காக்க விழைவோர், ஒருமுறையே பதியத்தக்க தகட்டைக் கொள்வதா, பன்முறை அழித்தெழுதத்தக்க தகட்டைக் கொள்வதா என்று ஐயுறுதல் இயல்பு. குறுந்தகட்டின் செல்வாக்கு இந்நாளிற் பெரிதுங் குன்றியதெனினும், மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய பகுதிகளில் மார்கழிக் கச்சேரிகளும் மறைந்த முதியோரின் குரலும் அத்தகடுகளிலேயே உறங்கும் இல்லங்கள் உள. ஆதலின் இவ்வாராய்ச்சி வீணன்று என்பது எம் துணிபு.

முதற்கண் இவற்றின் இயல்பை நோக்குவாம். 1988-ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய சி.டி.-ஆர் என்னும் தகட்டில் ஒரு சாயப் படலம் உண்டு. லேசர் ஒளி பட்ட இடம் சூட்டினால் மாறி, மீண்டும் பழைய நிலையை எய்தாது. 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த சி.டி.-ஆர்.டபிள்யூ என்பதிலோ சாயத்திற்கு ஈடாக வெள்ளி, இந்தியம், ஆண்டிமணி, டெல்லூரியம் ஆகியவற்றின் கலப்புலோகம் உளது. அது மிகுசூட்டில் உருகி விரைவில் ஆறின் படிகநிலை இழக்கும். மிதமான சூட்டில் அந்நிலையை மீண்டும் பெறும். இங்ஙனம் ஏறத்தாழ 1000 முறை அழித்தெழுதலாம்.

சுருங்கக் கூறின், முன்னது எழுத்தாணி கீறிய ஓலை. பின்னது பள்ளிச் சிறுவனின் சிலேட்டுப் பலகை.

பிழை நேர்ந்தால் திருத்தலாமே, பொருட்செலவும் மிஞ்சுமே என்று பன்முறைத் தகட்டைப் புகழ்வாருளர். நாள்தோறும் மாறும் கணக்கிற்கும் கட்டுரையின் முதற்படிக்கும் அஃது ஏற்றதே. ஆனால் காக்கவேண்டிய பொருளுக்கு அந்நலமே கேடாகும். அழிக்கத்தக்கது எதுவும் ஒருநாள் கைதவறி அழிக்கப்படும். அன்றியும், அத்தகடு ஒளியைக் குறைவாகவே திருப்புதலின், பழைய கருவிகள் பல அதனைப் படிக்கமாட்டா.

1886-இல் நிறுவப்பெற்ற அடையாறு நூல்நிலையத்தையும், பெசன்ட் நகரில் உள்ளதும் 1943-இல் தோன்றியதுமாகிய டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆங்குள்ள சுவடிகளில் ஏடெழுதினோர் செய்த பிழையும் அழியாது நிற்கின்றது. அப்பிழைகளை ஒப்புநோக்கியன்றோ பதிப்பாசிரியர் உண்மைப் பாடத்தைக் காண்கின்றனர்! அழியாத பிழை, சுவடற அழிந்த திருத்தத்தினும் பயனுடைத்து.

எனினும், ஒருமுறைத் தகடு என்றும் நிலைக்கும் என்று மயங்கற்க. வெயில் பட்டால் அதன் சாயம் கெடும். சென்னையின் வெப்பமும் ஈரமும் தகட்டிற்குப் பகை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரம் போன்ற இடங்களில் வெள்ளம் புகுந்ததை நாம் மறந்திலம். நீர் புகுந்த வீட்டில் ஓலையென்றும் தகடென்றும் வேற்றுமை உண்டோ? ஆகவே படி இரண்டு வேண்டும். அவை இருக்கும் இல்லமும் இரண்டாதல் வேண்டும். ஓலை சிதையுமுன் புதிய ஓலையிற் படியெடுத்த நம் முன்னோர் வழக்கமே ஈண்டும் வழியாகும்.

மாணவ நண்பர்காள்! மடிக்கணினிகள் பலவற்றில் இன்று தகடு செலுத்தும் வாயிலே இல்லை. படிக்குங் கருவி கிடைக்கும்பொழுதே உங்கள் இல்லத்துத் தகடுகளைக் கணினியில் ஏற்றுங்கள். நிலைக்கவேண்டியதை ஒருமுறைத் தகட்டிலும் ஒரு படி வையுங்கள். பாட்டனாரின் குரலைச் சிலேட்டில் எழுதிவைத்தல் அறிவுடைமையன்று.