கையெழுத்துக்குப் பிறகு என்ன?



வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்ட கல்லூரிகளைப் பற்றி அடிக்கடி செய்தித்தாளில் வாசிக்கிறோம். கையெழுத்திடும் படமும் வருகிறது. 'நாக்' தரமதிப்பீட்டில் இத்தகைய ஒப்பந்தங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நம் கத்தோலிக்கக் கல்லூரிகளும் இதில் முனைப்போடு ஈடுபடுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், படம் எடுத்து முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று கேட்பது நம் கடமை.

இதற்கு விடை காண வெகுதூரம் போக வேண்டாம். கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கினர். அது குருத்துவப் பயிற்சி இல்லம். அங்கிருந்த பிரெஞ்சுக் குருக்கள் செபத்திற்கும் படிப்பிற்கும் இடையே பழனி மலையின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் சேகரித்து, பெயர் எழுதிப் பாதுகாத்தார்கள். படைப்பைப் படிப்பதும் படைத்தவரைப் போற்றுவதே என்பது அவர்களுடைய நம்பிக்கை.

அவர்கள் வழியில் வந்தவர் 2004இல் மறைந்த அருட்தந்தை கே. எம். மேத்யூ, சே.ச. உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்துக் காக்கும் ஹெர்பேரியம் ஒன்றை 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் நிறுவினார். பிரெஞ்சுக் குரு ராபினாட் அவர்களின் பெயரையே அதற்குச் சூட்டினார். கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்த தாவரங்களைப் பற்றிய அவரது ஆய்வு 1969இல் வெளிவந்தது. பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருநூல் 1999இல்தான் வந்தது. இடையே 30 ஆண்டுகள்! இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. ஆனாலும் தொகுப்பு நம் மண்ணில், நம் மாணவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வெளி உதவியின் பயன் உள்ளூரில் தங்கியது. இதுவே உண்மையான கூட்டுறவு.

இன்றைய ஆய்வு நிதியோ பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கே கிடைக்கிறது. சோலைக்காடு அந்தக் காலக்கெடுவுக்குள் தன்னை முழுவதும் காட்டிவிடாது. தைலமரமும் வாட்டிலும் பரவிய இடத்தில் சோலை திரும்புகிறதா என்று அறியப் பல்லாண்டுப் பொறுமை வேண்டும்.

நிதிக்கான சட்டங்களும் கடுமையாகிவிட்டன. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின்கீழ் வரும் வெளிநாட்டு நன்கொடையை முதலில் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் பெற வேண்டும்; வேறு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது; நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது. சிறிய நிறுவனங்களுக்கு இது பெரும் சுமை என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், நம் உயிர்வளத்தால் கிடைக்கும் பயனை உள்ளூர் மக்களோடு நியாயமாகப் பகிரச் சொல்கிறது. பழனி மலைச் செடிகளைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் பளியர் மக்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, பட்டத்தோடு நாம் மலையிறங்கிவிட்டால் அது நீதியாகுமா?

எருசலேம் ஏழைகளுக்காகத் தூய பவுல் காணிக்கை திரட்டினார். அது நாடு கடந்த நிதிதான். 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் அவர் இரண்டு காரியங்களை வலியுறுத்துகிறார். ஒன்று, கொடுப்பவரும் பெறுபவரும் சமநிலை அடைய வேண்டும். மற்றொன்று, பணத்தைக் கையாள்வதில் எவரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது. ஆகவே அவர் தனியாகப் பொறுப்பேற்கவில்லை. தீத்துவையும் திருச்சபைகளின் நன்மதிப்பைப் பெற்றவர்களையும் உடன் அனுப்பினார். திருத்தந்தை பிரான்சிசும் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' மடலில் சூழலியல் ஆய்வுக்குக் கூடுதல் முதலீடு வேண்டும் என்றார். பூர்வகுடி மக்களை முதன்மை உரையாடலாளராக மதிக்கவும் கேட்டுக்கொண்டார்.

எனவே, பெற்றோராகவும் பழைய மாணவராகவும் பங்கு மக்களாகவும் நம் கல்லூரிகளிடம் மூன்று கேள்விகளை அன்போடு கேட்போம்: ஆய்வுக்குரிய கேள்வியை முடிவு செய்தது யார்? வந்த பணத்தின் கணக்கை யார் பார்க்கலாம்? நிதி நின்ற பிறகு இந்த மண்ணில் எது தங்கும்?

நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் வேறொருவர், விளையச் செய்பவர் கடவுள் என்பதை அறிவோம். நட்ட செடி எங்கே வேரூன்ற வேண்டும் என்பதை மட்டும் நாம் மறவாதிருப்போம்.