பதவியில் பங்கும் விளைச்சலில் பங்கும்

வெள்ளையர் ஆட்சியில் இந்து-முஸ்லிம் அதிகாரப் பங்கீடு ஏன் முறிந்தது? தலைவர்களின் பிடிவாதமே காரணம் என்று சொல்வாருண்டு. வங்காளத்தின் கதை வேறு காரணத்தைக் காட்டுகிறது.

1909ல் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வகுத்தனர் பிரிட்டிஷார். ஓட்டுப் பெட்டியிலேயே மதச் சுவர் எழுந்தது. அச்சுவரைத் தாண்டிக் கை கோக்க முயன்றார் சித்தரஞ்சன் தாஸ். 1923 டிசம்பரில் அவர் கண்ட வங்காள ஒப்பந்தத்தின்படி, சர்க்கார் உத்தியோகங்களில் நூற்றுக்கு 55 முஸ்லிம்களுக்கு. ஸ்தல ஸ்தாபனங்களில் பெரும்பான்மையோருக்கு 60, சிறுபான்மையோருக்கு 40. மாகாண ஜனத்தொகையில் முஸ்லிம்கள் பாதிக்கு மேல், உத்தியோகத்திலோ சொற்பம். எனவே இது சலுகையல்ல, நியாயம்.

அதே மாதம் காக்கிநாடா காங்கிரஸ் இதை நிராகரித்தது. 1924ல் சிராஜ்கஞ்ச் மாகாண மாநாடு ஏற்றது. 1925ல் தாஸ் மறைந்தார். 1926ல் ஒப்பந்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

ஏன் இத்தனை சுலபமாகப் புதைக்க முடிந்தது? உழுபவனுக்கு அதில் ஒரு பிடி நெல்லும் இல்லை. ஜமீன்தார்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கிழக்கு வங்கக் குடியானவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1928ல் குத்தகைச் சட்டத் திருத்தம் சட்டசபைக்கு வந்தபோது, சுயராஜ்யக் கட்சியினர் ஜமீன்தார் பக்கமே ஓட்டளித்தனர். வயிற்றுப் பிரச்னையை மதப் பிரச்னையாக்க லீகுக்கு வழி திறந்தது.

1946 ஆகஸ்டில் கல்கத்தாத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஆனால் அதே ஆண்டின் அறுவடையில் என்ன கண்டோம்? பாதி விளைச்சலைப் பறிகொடுத்து வந்த வாரக் குடியானவர்கள், “மூன்றில் இரு பங்கு எங்களுக்கு” என்று எழுந்தனர். இந்துவும் முஸ்லிமும் ஆதிவாசியும் சேர்ந்து, கதிர்க்கட்டுகளை நிலச்சுவான்தார் களத்துக்கல்ல, தங்கள் களத்துக்கே சுமந்தனர். அதுவே தேபாகா. 1947 ஜனவரியில் தினாஜ்பூர் ஜில்லாவில் போலீஸ் சுட்டது. சமீருத்தீன் என்ற முஸ்லிமும் சிவராம் என்ற சந்தாலும் ஒரே மண்ணில் சாய்ந்தனர். சுட்ட போலீசுக்கு எஜமானன் லீக் மந்திரிசபையே!

தேபாகாவால் பிரிவினையைத் தடுக்க முடியவில்லை. அது பிந்தி வந்தது, சில ஜில்லாக்களோடு நின்றது. இதை மறைக்க வேண்டியதில்லை.

பதவிப் பங்கீடு வேண்டாமென்பதல்ல நம் வாதம். சிறுபான்மையோருக்குரிய பங்கை மறுப்பவன் ஐக்கியத்தின் சத்துரு. ஆனால் மேலே நாற்காலியை மட்டும் பங்கிட்டு, கீழே நிலத்தை ஒருவனிடமே விட்டு வைத்தால், அந்த ஒப்பந்தம் காகிதத்தோடு நிற்கும். நாற்காலியிலும் பங்கு வேண்டும், களத்திலும் பங்கு வேண்டும். வங்காளம் ரத்தம் சிந்தி நமக்குச் சொன்ன பாடம் இது.