பலகை மாறினால் விலை மாறுமா?

கோவை கணபதியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பது அவருடைய தொழில். சென்ற வாரம் வீட்டுக்கு வந்தவர், காபியைக் கூடத் தொடாமல், "ஏனுங்ணா, இனிமேல் கரண்ட்டைப் பிடிச்ச கம்பெனிகிட்ட வாங்கிக்கலாம்னு சட்டம் வரப்போகுதாமே. வந்தா நம்ம பில்லு கொறையுமுங்களா?" என்று கேட்டார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்து ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் தெரிந்த ஆவல் என்னைச் சிரிக்க விடவில்லை.

அவர் கேள்விப்பட்டது வெறும் வதந்தியல்ல. ஒரே ஊரில் பல நிறுவனங்கள் மின்சாரம் விற்க வழிசெய்யும் திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்தது. 2024-இல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று, எண்ணம் காலாவதியாகவில்லை. 2025-இல் புதிய வரைவு ஒன்று வெளியாயிற்று. "விற்பவனை மாற்றிக்கொள்வதே வாங்குபவனின் சுதந்திரம்" என்பது இதன் உபதேசம். கேட்பதற்கு இனிக்கத்தான் இனிக்கிறது.

ஆனால் நேயர்களே, விற்பவர் பெயரை நாம் மாற்றிப் பார்க்காதவர்களா? 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, அந்த மின்சாரத்தை நம்பிக் கோவையில் ஆலைகள் பெருகியபோது, விற்றது சர்க்கார் மின்சார இலாகா. 1957-இல் வாரியம் வந்தது. 2010-இல் கழகம் என்று பெயர் மாறிற்று. 2024-இல் அந்தக் கழகமும் பிரிக்கப்பட்டது. இத்தனை பலகைகள் மாறின. எந்தப் பலகையாவது நம் வீட்டுப் பில்லைக் குறைத்ததுண்டா?

"போட்டி வந்ததும் தொலைபேசிக் கட்டணம் குறையவில்லையா?" என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். அங்கே ஒவ்வொரு கம்பெனியும் தன் கோபுரத்தைத் தானே நட்டது. இங்கே கம்பமும் ஒன்று, கம்பியும் ஒன்று. பில்லின் பெரும்பகுதி மின்சாரத்தைக் கொள்முதல் செய்கிற செலவு. நடுவே பத்துப் பேர் நின்று பில் எழுதினால் நிலக்கரி விலை குறைந்துவிடுமா?

இந்தச் சுதந்திரம் முழுவதும் அனுபவிக்கப்பட்ட தேசம் இங்கிலாந்து. அங்கே ஓராண்டு, ஈராண்டுக்கு நிலையான விலை பேசிக்கொள்வார்கள். கெடு முடிந்ததும் மலிவான கம்பெனிக்கு மாறிக்கொள்வார்கள். 2021-இல் எரிவாயு விலை ஏறிற்று. மலிவாக விற்ற கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் முப்பது, கடையைக் கட்டின. கெடு முடிந்தவர்கள் மாறுவதற்கு மலிவான இடமே இல்லை. சாதாரணக் குடும்பத்தின் ஆண்டுச் செலவுக்கு விதித்திருந்த உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுன். அடுத்த அக்டோபருக்கு அறிவித்தது 3,549 பவுன்! கடைசியில் அரசாங்கமே குறுக்கே விழுந்து 2,500 என்று நிறுத்த வேண்டியிருந்தது. ஓடிப்போன கம்பெனிகள் வைத்துவிட்டுப் போன செலவும் மக்கள் தலையில்தான் விடிந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? பல்லடம், உடுமலைப் பக்கம் போய்ப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. பெரிய நூற்பாலைகள் சொந்தக் காற்றாலை வைத்துக்கொள்கின்றன. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிச் சந்தையிலும் வாங்குகின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டம் வாய்ப்பை உறுதி செய்தது ஒரு மெகாவாட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு. 2022-இல் பசுமை மின்சாரத்துக்கு மட்டும் அதை நூறு கிலோவாட்டாகக் குறைத்தார்கள். காற்றாலை நிழலில் பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர் அந்தக் கணக்கில் இல்லை. பெரியவர்கள் விலகிப் போகப் போக, அவர்கள் சுமந்த பாரம் போக இடமில்லாதவர்கள் மேல் இறங்கும். வசதி உள்ளவனுக்குக் கதவு, இல்லாதவனுக்குச் சுவர். இதற்குச் சுதந்திரம் என்று பெயரா?

அதனால் இன்றைய ஏற்பாடு தர்மமானது என்று நான் வாதாடுவதாக எண்ணிவிட வேண்டாம். 2014-இல் ஏற்றிய கட்டணத்தை எட்டு ஆண்டுகள் ஏற்றாமல் வைத்திருந்தார்கள். அதைக் கருணை என்று நினைத்தோம். 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி சேர்த்து வைத்து அடித்தார்கள். சிறு தொழிலுக்குக் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம், கீழ்ப் படியில் இருப்பவருக்கே 75 ஆயிற்று. இருபது கிலோவாட் பட்டறைக்கு 700 ரூபாய் 1,500 ஆகிவிட்டது. இயந்திரம் ஓடினாலும் அதுதான்; ஆர்டர் இல்லாமல் பூட்டிக் கிடந்தாலும் அதுதான். 2023-இல் கோவைச் சிறுதொழில் செய்வோர் ஒரு நாள் கதவடைத்தார்கள் என்றால் வேடிக்கைக்காகவா?

அப்புறம் ஆண்டுதோறும் ஜூலையில், விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஓர் ஏற்றம் என்று விதி செய்தார்கள். 2024-இல் அது 4.83 சதவீதம். உத்தரவு வெளிவந்த தேதி ஜூலை 15. அமலுக்கு வந்த தேதி ஜூலை 1! நேற்றுக் குடித்த காபிக்கு இன்று விலை ஏற்றிக் கேட்கிற ஓட்டலை நீங்கள் சும்மா விடுவீர்களா?

நம் தம்பியின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. ஒரு உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று பம்ப் கம்பெனிக்கு அவர் ஓராண்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். நடுவில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டால் ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும். அவர் கொடுத்த வாக்குக்கு விலை உண்டு. அவருக்கு வாக்குக் கொடுப்பவர்தான் யாரும் இல்லை.

பைசாவின் அருமை தெரியாத மண்ணல்ல இது. 1970-இல் விவசாய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இரண்டு பைசா ஏற்றியதை எதிர்த்துப் போராடியபோது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரை விட்டார்கள். அவர்கள் கேட்டது இன்னொரு கடையை அல்ல. இருக்கிற கடையில் நியாயமான விலையை.

நானும் அதைத்தான் கேட்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு என்ன விலை என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். ஏற்றுவதானால் படிப்படியாக, சொன்ன தேதியில், சொன்ன அளவில் ஏற்றுங்கள். தேர்தலுக்காக அடக்கி வைத்து, பிறகு தலையில் கொட்டாதீர்கள். ஓடாத இயந்திரத்துக்கு வாங்கும் கட்டணத்தைக் குறையுங்கள். இதற்குப் புதிய கம்பெனியும் வேண்டாம், புதிய பலகையும் வேண்டாம். சொன்ன சொல் தவறாத நாணயம் போதும்.

"அப்ப, மாத்துனாக் கொறையாதுங்களா?" என்று தம்பி மறுபடியும் கேட்டார்.

"பில்லின் தலைப்பு மாறும், தம்பி. அடியில் இருக்கிற தொகையைத்தான் நாம் மாற்ற வேண்டும்" என்றேன்.

ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். மாலை ஆறு மணிக்குமேல் உச்சநேரக் கட்டணமாம். அதற்குள் பட்டறையில் நாலு உருப்படியாவது முடிக்க வேண்டுமாம்.