கண் கூடப் பிறப்பதில்லை

“படம் எடுக்குற கண்ணு கூடவே பொறக்கணும், கத்துக்குடுத்து வராது.” கல்யாண மண்டபத்தில் விளக்குப் பிடிக்கும் பையன் முதல் பத்திரிகை அலுவலகத்து மூத்த புகைப்படக்காரர் வரை, சென்னையில் இதைச் சொல்லாதவர் குறைவு. பாராட்டாகச் சொல்லும்போது கேட்க இனிமைதான். ஆனால் கேமராவைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் பிள்ளையிடம் ‘உனக்கு வராது’ என்று சொல்லவும் இதே பேச்சுதான் பயன்படுகிறது. அப்படி விலக்கப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் எந்த ஊர்க்காரர்கள் என்று பார்த்தால், இந்த நம்பிக்கையை ஏன் எதிர்க்க வேண்டும் என்பது விளங்கும்.

சடையங்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். வட சென்னையில், மணலி ஆலைகளுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இடையில் கிடக்கும் ஊர். புழல் ஏரியின் மதகு திறக்கப்படும்போதெல்லாம் செய்திகளில் ஒரு பட்டியல் வரும்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, கடைசியாகச் சடையங்குப்பம். தாழ்வான பகுதி மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அது முடியும். சென்னைவாசிகளில் பலருக்கு அந்த ஊர்ப்பெயர் பழக்கமானது இந்தப் பட்டியலால்தான். வெள்ளத்தின்போது படகுகளோடு கேமராக்களும் வருகின்றன. தண்ணீர் வடிந்ததும் இரண்டும் திரும்பிவிடுகின்றன. கண் என்பது பிறவி வரம் என்றால், மற்ற நாட்களின் சடையங்குப்பத்தைப் பார்க்க அங்கே யாரும் பிறக்கவில்லை என்று ஆகிவிடும். அந்த முடிவை ஏற்க முடியாது. பிறவி வாதத்துக்கு முட்டுக்கொடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதே சரி.

முதலில் சொல்லப்படுவது, மேதைகள் யாரும் படித்து வந்தவர்கள் இல்லை என்பது. உதாரணமாக எப்போதும் வருபவர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த அதே பிரெஞ்சுக்காரர். அவர் கேமராவை முழுமூச்சாகக் கையில் எடுப்பதற்கு முன், 1920களின் பிற்பகுதியில், பாரிஸில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றார். சட்டகத்துக்குள் கோடுகள் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன, வெற்றிடம் எங்கே கனக்கிறது என்பதையெல்லாம் ஓவியப் பலகையின் முன் உட்கார்ந்து கற்றவர். தெருவில் நொடிப்பொழுதில் அவர் எடுத்த படங்களில் ஓவியப் பள்ளியின் வடிவியல் அப்படியே தெரிகிறது. பார்ப்பவர்களுக்கு அந்த உழைப்பு கண்ணில் படாததால் அது வரமாகத் தோன்றுகிறது.

நம் ஊர்க் கதை இன்னும் பழையது. லின்னேயஸ் ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. விடுப்பில் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் புகைப்படக் கலையைப் பழகினார். 1857-58 காலகட்டத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். ஓர் எழுத்துவரி அடுத்த படத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், சுவருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் மாறக் கூடாது, உயரம் மாறக் கூடாது, வெளிச்சம் பெரிதாக மாறக் கூடாது. தமிழ்நாட்டின் தொடக்ககாலப் புகைப்படச் சாதனைகளில் ஒன்று அளவும் பொறுமையும் தெரிந்த ஒருவரின் வேலையாக இருந்திருக்கிறது.

அடுத்த காரணம் அதிர்ஷ்டம். ‘நல்ல படம் தானா அமையும், அந்த நேரத்துல அங்க இருக்கணும்.’ அங்கே இருந்த எல்லோருக்கும் ஏன் அமையவில்லை என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. பிலிம் காலத்தில் ஒரு சுருளின் எல்லாப் படங்களையும் சிறிய அளவில் ஒரே தாளில் அச்சடித்துப் பார்ப்பார்கள். காண்டாக்ட் ஷீட் என்று பெயர். மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் அமைப்பின் உறுப்பினர்களுடைய காண்டாக்ட் ஷீட்டுகள் 2011-ல் தனிப் புத்தகமாகவே வந்தன. புகழ்பெற்ற பல படங்களுக்கு முன்னும் பின்னும் தோற்றுப்போன படங்கள் வரிசையாக நிற்பதை அதில் காணலாம். படமெடுத்தவர் ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருப்பார், முட்டி போட்டிருப்பார், தூணுக்குப் பின்னாலிருந்த ஆள் வெளியே வரும்வரை காத்திருப்பார். ஒரு படத்தைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளுவதும் கண்ணின் வேலைதான். சொல்லப்போனால் அதுதான் கடினமான பாதி. எடுத்த படங்களைக் கீழே பரப்பிப் போட்டு, ‘இது ஏன் வேண்டாம்?’ என்று ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்லும் பழக்கம் இல்லாத இடத்தில் எத்தனை லட்சம் படம் எடுத்தாலும் கண் வளராது.

கேமரா விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கலாம், ஒரே ஒரு நுணுக்கத்தைத் தவிர. விலை உயர்ந்த கருவி கண்ணைத் தராது என்பதை இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கருவி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது கண்ணின் ஒரு பகுதி என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். போன்களின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. அளவுக்கு ஈடான அகலப் பார்வை கொண்டது. சடையங்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று போனில் எடுத்தால் வாசல் பெரிதாகவும், தூரத்து மணலிப் புகைபோக்கி மெல்லிய குச்சியாகவும் விழும். அதே வீட்டைவிட்டு வெகுதூரம் விலகி நின்று நீண்ட குவியதூர லென்ஸில் எடுத்தால், புகைபோக்கி வீட்டின் தலைமேல் நிற்பதுபோல் வரும். மாறியது நின்ற இடம். லென்ஸ் அந்தத் தூரத்துக் காட்சியை வெட்டிப் பெரிதாக்கியது, அவ்வளவுதான். முதல் படம் அங்கே வாழ்பவர் வாசலில் நின்று காண்பதற்கு நெருக்கமானது. இரண்டாவது படம் ஆலையின் பாரத்தைச் சொல்வது. இரண்டும் பொய் இல்லை. எதை எப்போது எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரே மாலையில் புரிந்துவிடும்.

இப்போது நிஜமாகவே வலுவான வாதம். ‘உள்ளூர்க்காரனுக்குத் தன் ஊர் கண்ணில் படாது, வெளியிலிருந்து வருபவருக்குத்தான் புதுக்கண் உண்டு.’ பழகியது மங்கிப்போகும் என்பது உண்மை. ஆனால் வட சென்னைக்குப் புதுக்கண் என்ன கொண்டுவந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்: மாலைச் சூரியன், கறுத்த புகைபோக்கி, சிவந்த வானம், முன்னால் நடந்து போகும் ஒரு நிழல். மணலி ஆலைகள் சடையங்குப்பத்துக்குத் தென்மேற்கே இருக்கின்றன. சாயங்காலம் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினால் சூரியன் எதிரே நிற்கும்; எல்லாம் நிழலுருவமாகத்தான் விழும். துருவோ, குழாயோ, குழாய் எங்கே முடிகிறது என்பதோ எதுவும் தெரியாது. காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து ஏறும்போது அதே திசையைப் பார்த்தால், முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் வெயில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லும் அளவுக்குத் தெளிவாக்கும். சாயங்காலப் படம் அழகு, விருந்தாளிக்கு அதுவே போதும். அங்கே குடியிருக்கும் ஒருவருக்கு அந்தக் காலை வெளிச்சம் தேவை.

தண்ணீரில் நடக்கும் வேலையும் இதைத்தான் காட்டுகிறது. கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் இருளர் பெண்கள் வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். தண்ணீரில் இறங்கிக் குனிந்து, சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பறியில் போடுகிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள். பாலத்தின் மேல் நின்று எடுத்தால் பளபளக்கும் நீரில் சில புள்ளிகள் கிடைக்கும், சுவரில் மாட்டலாம். ஆனால் வேலை முழுவதும் நீருக்கு அடியில் நடக்கிறது. வெளியே தெரிவது தாடையின் இறுக்கம், தோளின் சாய்வு, எங்கும் பார்க்காத பார்வை. கை தேடும்போது கண்ணுக்கு வேலை இல்லை என்பதைத் தெரிந்தவர்தான் அந்த முகத்தின் உயரத்துக்குக் கேமராவை இறக்குவார், அதற்காகத் தானும் ஆற்றில் இறங்குவார். அந்தத் தண்ணீரில் ஆலைக் கழிவும் சாம்பலும் கலந்திருப்பதால் காயம்பட்ட விரல் என்ன பாடுபடும் என்பதையும் இறங்கினால்தான் உணர முடியும்.

வெளியாள் வரவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட பாதரச நஞ்சு மீன் வழியாக மக்கள் உடலில் ஏறியது. 1971-ல் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் தன் மனைவி ஐலீனுடன் அங்கே போனபோதே உலகப் புகழ் பெற்றவர். போனவர்கள் அந்த ஊரிலேயே குடியிருந்து மூன்றாண்டுகள் தங்கினார்கள். 1972-ல் ஆலைத் தரப்பினரின் தாக்குதலில் ஸ்மித் படுகாயமடைந்தார். நோயுற்ற மகளைத் தாய் குளிப்பாட்டும் அந்தப் புகழ்பெற்ற படம், அந்தக் குடும்பம் கதவைத் திறந்துவிட்டதால் கிடைத்தது. 1990களின் இறுதியில், பெற்றோர் மனம் அறிந்து, அந்தப் படத்தை மேற்கொண்டு வெளியிடுவதை ஐலீன் நிறுத்திவைத்தார். உலகத்திலேயே தேர்ந்த கண்களில் ஒன்றுக்கும் தங்கியிருக்கும் காலம் தேவைப்பட்டது. படம் எடுத்த பிறகும் அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்லும் கடமை தொடர்ந்தது.

வட சென்னையின் எண்ணூரில் அந்தத் தங்குதல்தான் குறைவு. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியால் எண்ணெய் அள்ளும் படங்கள் நாடு முழுவதும் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கிக் கழிமுகத்தை மூடியபோது, இறகில் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்கள் எல்லாத் திரைகளிலும் தெரிந்தன. இரண்டும் தேவையான படங்கள். ஆனால் எண்ணெய்க் கோடு படிந்த வீட்டுச் சுவரை அடுத்த மே மாதம், அதற்கடுத்த ஐப்பசி என்று அதே இடத்தில் நின்று எடுத்த வரிசைதான் இழப்பீட்டுப் பேச்சில் ஆதாரமாக நிற்கக்கூடியது. அதை எடுக்க அங்கேயே இருக்கும் ஒருவரால்தான் முடியும்.

கடைசி வாதம் கனிவாகப் பேசுவதால் ஆபத்தானது. ‘வட சென்னைப் பிள்ளைங்க எடுத்தா நல்லாத்தான் வரும், கஷ்டத்துல வளர்ந்தவங்க இல்லையா.’ இதுவும் அதே பிறவி வாதம்தான். வரத்தின் இடத்தில் வறுமையை வைத்திருக்கிறது. பட்ட கஷ்டம் சட்டகத்தைத் தானாக அமைத்துத் தராது.

எம். பழனி குமாரின் வாழ்க்கை இதற்குப் பதில். மதுரை ஜவகர்லால்புரத்தில் வளர்ந்தவர், தாய் மீன் விற்றவர். மலக்குழி மரணங்களையும் மனிதக் கழிவு அகற்றும் தொழிலையும் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017-ல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பிறகு பி. சாய்நாத் தொடங்கிய பாரி இணையக் களஞ்சியத்தின் புகைப்படக்காரர். மேலே சொன்ன இறால் பிடிக்கும் பெண்களில் ஒருவரைப் பற்றி அதில் படக்கட்டுரை வெளியிட்டவர். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கேமராவைக் கையில் கொடுத்துப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறார். வட சென்னை இளையோர் தங்கள் பகுதியைப் படமெடுத்த ‘ரீஃப்ரேம்டு’ கண்காட்சி 2023-ல் சென்னையில் நடந்தது; அதன் பின்னாலும் இந்த உழைப்பு இருந்தது. சொல்லிக்கொடுத்து வராது என்பது உண்மையானால், அந்தச் சுவர்கள் காலியாக இருந்திருக்க வேண்டும்.

சிலருக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது, சிலருக்கு நாளாகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. பாட்டிலும் கணக்கிலும் அப்படித்தான், அதற்காக யாரும் பள்ளியில் கணக்கை நிறுத்திவிடவில்லை.

பின் ஏன் இவ்வளவு குறைவான பேர் வருகிறார்கள்? பணமும் நேரமும் இடமும் ஒரு பக்கமே குவிந்திருக்கின்றன. 2016-ல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பியனாலே புகைப்படத்தைப் பொது இடங்களுக்குக் கொண்டுவந்தது நல்ல தொடக்கம். அதோடு நிற்காமல், மணலி, திருவொற்றியூர் மண்டலங்களின் மாநகராட்சிப் பள்ளிகளில் வாரம் ஒரு மாலை ஒதுக்கலாம். தலைக்கொரு கேமரா வேண்டாம், ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒன்று போதும். மாதம் ஒருமுறை நல்ல தாளில் அச்சடிக்கப் பணம் வேண்டும், ஏனென்றால் போன் திரையில் பிழைகள் ஒளிந்துகொள்ளும். அச்சான படங்களை அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்திலேயே மாட்ட வேண்டும். படத்தில் இருப்பவர்கள் முதலில் பார்த்து, ‘இதை எடுத்துடு’, ‘இதுல பேர் தப்பு’, ‘அந்தக் குழாய் இப்ப இடம் மாறிடுச்சு’ என்று சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கினால், புழல் மதகு அடுத்த முறை திறக்கும்போது ஊருக்குள்ளேயே எடுப்பதற்கு ஆள் இருக்கும்.